பெரியம்மா கார் ஏசிக்குக் கேஸ் ஏற்றிய நாள்

பனிமலைக்குக் குளிரக் கற்றுக்கொடுத்ததே என் பெரியம்மாதான். வெயில்கூட அவரிடம் கேட்டுக்கொண்டுதான் தெருவுக்குள் வரும். அவர் கழற்றி மாட்டாத பொருள் எங்கள் வீட்டில் கிடையாது. மாட்டியபின் எப்படியும் இரண்டு திருகாணி மிஞ்சும். “கம்பெனிக்காரன் சும்மா கூடப் போட்டிருக்கான்” என்பார்.

தொழில் தையல். தைத்த துணிகளைப் பழைய காரில் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். இந்தக் கோடையில் கார் ஏசி படுத்துவிட, ஒரு கேஸ் டப்பாவும் குழாயும் வாங்கி வந்து தானே ஏற்றப் பார்த்தார். கேஸ் ஏறவில்லை. டப்பாவைச் சூடுபண்ணினால் ஏறும் என்று அடுப்பில் தண்ணீர் வைத்தார்.

“பெரியம்மா, சூடுபடுத்தினா வெடிக்கும்னு டப்பாவுலயே போட்டிருக்கு.”

“குக்கர் வெடிக்குதா? விசில் வந்ததும் இறக்கிடுவேன்.”

“இதுக்கு விசில் இல்ல.”

“நீ எதுக்கு இருக்க? பக்கத்துல நின்னு அடி.”

“கையுறையாவது போட்டுக்குங்க.”

“ஏன், காருக்குப் பிரசவம் பாக்கப் போறேனா?”

கேஸ் பீறிட்டுத் தோலில் பட்டால் விரல் உறைந்து வெந்துவிடும் என்றும் அந்த டப்பாவில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு காஜா எடுக்கும் விரல்கள் அவை. சண்டைக்குச் சண்டை நான் அறுத்துக்கொண்டு வரும் பொத்தான்களை எல்லாம் தைத்துத் தந்தவை.

நைசாகச் சமையல் சிலிண்டரை மூடிவிட்டு, அவருடைய போனோடு குளியலறைக்குள் புகுந்தேன். அவர் குரல் எனக்கு அத்துப்படி. அதே குரலில் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

வெளியே வந்தால், பெரியம்மா அடுப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். “இந்தக் கேஸும் தீர்ந்துபோச்சா? இன்னைக்கு நேரமே சரியில்ல.”

மெக்கானிக் மூச்சிரைக்க வந்தார். முதல் வேலையாக டப்பாவைப் பிடுங்கி நிழலில் வைத்தார்.

“நல்லவேளை கூப்பிட்டீங்கக்கா. சுடுதண்ணியில போட்டிருந்தா சிதறியிருக்கும். மொதல்ல கேஸ் எங்க கசியுதுன்னு பாக்கணும், அத நான் பாத்துக்கறேன். அதுக்காக அப்படியா அழுவாங்க? விரல் போயிட்டா என்ன பண்றதுன்னு தேம்பித் தேம்பி…”

“நானா?”

பெரியம்மா மெதுவாகத் திரும்பினார். நான் மிஞ்சிய திருகாணிகளை மும்முரமாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

“என் குரல்ல பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லுவன்னு தெரியும். அழக்கூட வருமாடி உனக்கு?”