தகப்பன் வீடு

எங்கள் செபக் கூட்டத்தில் மாதம் ஒருவர் பேச வேண்டும். என் முறை வந்தபோது நான் அதிகம் யோசிக்கவில்லை. யூதர்களின் வேதத்தில், முதல் புத்தகத்திலேயே, எழுபத்தைந்து வயதுக்காரர் ஒருவருக்குக் கடவுள் கட்டளையிடுகிறார்: நாட்டையும் சொந்தபந்தத்தையும் தகப்பன் வீட்டையும் விட்டுப் புறப்படு. அவரும் மூட்டை கட்டிவிடுகிறார். மன்னாரிலிருந்து கிளம்பிக் கடல் கடந்து, இந்த வெளிநாட்டு நகரத்தின் ஒரு ஓரத்தில், ரானுயியில் வந்து நின்ற எனக்கு அது சொந்தக் கதை மாதிரி. மாற்றத்துக்குப் பயந்தவன் வளர மாட்டான் என்று நன்றாகவே முழங்கினேன்.

தவளை தன் வாயால் கெடும். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் மகள் தொடங்கினாள். வயது இருபத்து நான்கு. நகரத்தின் மறுகோடியில், பாபகூராவில், ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். தினமும் ரயில் மாறிப் போய் வருவாள்.

"அப்பா, அங்க ஒரு ஃப்ளாட் பார்த்திருக்கிறன். ரெண்டு டீச்சர்மாரோட சேர்ந்து. இண்டைக்கு நீங்கள் கதைச்சதைக் கேட்டுத்தான் தைரியம் வந்தது."

வழக்கமாக ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள் தமிழில் கதைத்தாள். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. லண்டனுக்குப் படிக்கப் போகிறேன் என்றால் கேக் வெட்டியிருப்போம். கலியாணம் ஆகாத பிள்ளை இதே ஊருக்குள் வேறு வீட்டில் ஏன் வாடகைக்கு இருக்க வேண்டும்? எங்கள் வீட்டில் அப்படி என்ன குறை?

மனைவி என்னைத்தான் முறைத்தாள். "நீங்கள்தானே பிரசங்கம் வைச்சனீங்கள். பதிலையும் நீங்களே சொல்லுங்கோ."

"யோசிப்பம்" என்றேன். எப்படி யோசிப்பது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் எல்லர்ஸ்லியில் என் அலுவலகத்தில், சாப்பாட்டு நேரத்தில், அந்த அதிகாரத்தைப் போனில் திறந்தேன். மகளை மறிக்க ஏதாவது சாட்டுக் கிடைக்காதா என்ற நப்பாசைதான். கிடைத்தவர், அந்தப் புறப்பட்டவரின் தகப்பன். அவரும் ஒருகாலத்தில், மகன் பிறகு போன அதே தேசத்துக்குப் புறப்பட்டவர்தான். பாதி வழியில் நின்று அங்கேயே குடியிருந்துவிட்டார். அவருடைய சாவை முதலில் எழுதியிருப்பதால், மகன் அவரை அடக்கம் செய்துவிட்டுத்தான் கிளம்பினார் என்றே நான் நம்பியிருந்தேன். வயதுகளைக் கூட்டிப் பார்த்தேன். மகன் போன பிறகு அவர் அறுபது வருஷம் உயிரோடு இருந்திருக்கிறார்.

இத்தனை காலம் வாசித்தும் அந்த மனிதரை நான் கண்ணெடுத்துப் பார்த்ததில்லை. எப்போதும் நான்தானே புறப்படுகிறவன். இப்போது மகள் விட்டுப் போகிற அந்தத் தகப்பன் வீடு என்னுடையது. அவர் மறித்தாரா, ஆசீர்வதித்தாரா? ஒரு வரியும் இல்லை. கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

இரண்டு வாரம் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, "ஓம் மகள், போங்கோ" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. மகளும் நம்பாமல், "உண்மையாவோ?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை காலை வான் வந்தது. மகளும் அந்த இரண்டு டீச்சர்மாரும் மெத்தையை ஏற்றினார்கள். "அப்பா, நாங்கள் வெளிக்கிடுறம்" என்று மகள் வெளியிலிருந்து கூப்பிட்டாள்.

நான் குசினியில், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கோப்பைகளை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தேன். அழுதுகொண்டும் இருந்தேன். இந்த முகத்தோடு எப்படி வெளியே போவது?

நான் மன்னாரை விட்டுப் புறப்பட்ட காலை என் அப்பா வாசலுக்கு வரவில்லை. கிணற்றடியில் வாளியோடு நின்றார். கோபம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

குழாயை மூடிவிட்டு ஈரக் கையோடு வெளியே ஓடினேன்.