கவிழ்த்து வைத்த சட்டி

கொழும்பு பஸ் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு கடையடியில் நின்றது. அம்மா கட்டித்தந்த பாசலைப் பிரித்தேன். வாட்டிய வாழையிலைக்குள் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் இருந்தன. எதிரே மீன்குழம்பு பிசைந்துகொண்டிருந்த நடத்துனர் சிரித்தார்.

"தொண்டைமானாறு எண்டுறீர், கடற்கரை ஊராள் மீன் தின்னமாட்டீரோ தம்பி?"

அந்தக் குழம்பின் புளிமணம் என்னை ஒன்பது வயதுக்குக் கொண்டுபோனது. கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. அம்மா மீன்சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் குசினி அடுப்படி மூலையில் கவிழ்த்து வைத்தார்.

"அப்பா வாறவரைக்கும் மரக்கறிதான்."

ஒரு மாதம் கழிய, அம்மாவின் தம்பி விளைமீனோடு வந்தார். செத்தவீட்டில் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்தபிறகுதான் மறுபடி மீன் காய்ச்சுவார்கள்.

"அக்கா, முப்பத்தொண்டும் முடிஞ்சுது. இனிச் சட்டியை எடு."

"அது செத்தவீட்டுக்கு. இவர் வருவார். மீனைக் கொண்டு போடா."

சந்நிதிக் கோயில் திருவிழாவுக்கு மட்டும் சைவமாக இருந்த வீடு, அதன்பிறகு எந்நாளும் சைவம். வாழைப்பூ வறை, முருங்கையிலைச் சொதி என்று ஒருநாளும் குறைவைக்காமல் அம்மா சமைத்தார். சட்டி வருடக்கணக்காய்க் கவிழ்ந்தபடியே கிடந்தது.

இன்று காலை பாசல் கட்டும்போது, என் முகத்தைப் பாராமல் சொன்னார்.

"கொழும்பிலை மீன் கிடைச்சால் சாப்பிடு மோனை. இனி என்ன."

நடத்துனர் ஒரு மீன்துண்டை எடுத்து என் இலைப்பக்கம் நீட்டினார்.

"வேண்டாம் அண்ணை," என்றேன். "அப்பா இன்னும் வரேல்லை."