பாலுவுக்கு முப்பத்துமூன்றா, முப்பத்தெட்டா: யாங்கூனில் மூன்று நாள்

போன டிசம்பரில் மூன்று நாள் யாங்கூன் போய் வந்தேன். போனதற்குக் காரணம் ஒரு ஜாதக நோட்டு. இந்தப் பதிவில் பெயர்களையும் வேலை விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். படங்கள் கிடையாது. ஏன் என்பது படிக்கும்போதே புரிந்துவிடும்.

அப்பாவின் தங்கை பர்மாவிலேயே தங்கிவிட்டவர். குடும்பத்தில் பாதிப்பேர் கப்பலேறி வந்தபோது அவர் தன் சித்தியோடு அங்கேயே நின்றுகொண்டார். பின்னால் ஒரு பர்மியரைக் கல்யாணம் செய்துகொண்டார். அதிலிருந்து அப்பாவுக்கு அவர்மேல் கோபம். ஆனாலும் அத்தைக்கு மகன் பிறந்தபோது, பிறந்த நேரத்தை எழுதியனுப்பி ஜாதகம் கணித்துத் தரும்படி கேட்டிருக்கிறார். அப்பா திருச்சியில் கணித்து வாங்கினார். அனுப்பவில்லை.

அப்பா போன வருடம் இறந்தார். அவருடைய பெட்டியில் அந்த நோட்டும், அதோடு மடித்து வைத்த ஒரு கடிதமும் கிடைத்தன. "பாலுவைப் பட்டாளத்தில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் அண்ணா. பதிமூன்று வயதுதான் என்று காட்டினால் விட்டுவிடுவார்களாம். இங்கே எந்தப் பதிவிலும் அவன் பெயர் இல்லை. ஜாதகமும் செல்லும் என்கிறார்கள். உடனே அனுப்புங்கள்." உறையில் தபால்தலை இருந்த இடம் சதுரமாக வெட்டப்பட்டிருந்தது. வெட்டியவன் நான். அப்போது பத்தாம் வகுப்பு, தபால்தலை சேர்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

அத்தை இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. பாலு உயிரோடு இருக்கிறான் என்பது மட்டும் தெரியும். அத்தையின் சாவுச் செய்தியைச் சொன்ன போன் எண் அவனுடையது. அதில் கூப்பிட்டு, பார்க்க வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

சென்னையிலிருந்து பாங்காக் வழியாகப் போக வர 31,400 ரூபாய். இணைய விசா 50 டாலர். சனிக்கிழமை மதியம் 1.40க்கு இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து லத்தா வட்டாரத்தில் இருக்கும் விடுதிக்கு 16 கிலோமீட்டர், டாக்சி 18,000 கியாட், ஐம்பது நிமிடம். அறைக்கு ஒரு நாளைக்கு 60,000 கியாட். ஜன்னலுக்குக் கீழே சந்தை. பழம், கருவாடு, ஜெனரேட்டர் சத்தம். அவ்வளவு கூட்டத்திலும் ஏதோ குறைகிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். டீக்கடையில் உட்கார்ந்த பிறகுதான் பிடிபட்டது. பெண்கள் இருந்தார்கள், வயதானவர்கள் இருந்தார்கள். இருபது வயதுப் பையன்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வரையுள்ள ஆண்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கும் சட்டம் இப்போது நடப்பில் இருக்கிறது. போக முடிந்தவர்கள் போய்விட்டார்கள், மற்றவர்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள்.

அன்று முழுக்க என்னோடு பேசியது டாக்சிக்காரர் ஒருவர்தான். அவரும் இறக்கிவிடும்போது அரைகுறை ஆங்கிலத்தில் ஒரே ஒரு விஷயம் சொன்னார்: சோதனைச்சாவடியில் போனை வெளியே எடுக்காதே.

ஞாயிறு காலை 8.15க்கு லத்தாவில் பஸ் ஏறினேன். பாலு இருக்கும் ஷ்வேப்யிதா வடக்கே 25 கிலோமீட்டர். டிக்கெட் 400 கியாட், ஒன்றே முக்கால் மணி நேரம். தொழிற்சாலைச் சுவர்கள் தொடங்கிய இடத்தில் இறங்கினேன். லுங்கியும் சாயம்போன டீ-ஷர்ட்டுமாக ஒல்லியான ஒருவன் நின்றிருந்தான். அத்தையின் அதே நெற்றி.

"அத்தானா?" என்றான்.

ஒரு துணி ஆலையில் இஸ்திரி போடும் வேலை. பத்துக்குப் பத்து அறை, தகரக் கூரை. சுவரில் அத்தையின் படம், பக்கத்தில் புத்தர், அதற்குப் பக்கத்தில் முருகன். வேறு யாரும் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லையாம். டீ போட்டுக் கொடுத்தான். அவன் பேசப்பேச எனக்கு ஒன்று உறுத்தியது. அவன் பேசியது சின்னப் பையன்களின் தமிழ். அம்மாவிடம் பேசிய மொழி பதிமூன்று வயதில் நின்றுபோய், அதற்குமேல் வளரவில்லை.

நோட்டையும் கடிதத்தையும் எடுத்து வைத்தேன். அப்பா அனுப்பவில்லை என்பதைச் சொன்னேன். தபால்தலையைப் பற்றியும் சொன்னேன். அவன் கடிதத்தைத் தொட்டுப் பார்த்தான். தமிழ் படிக்க வராது. வாசித்துக் காட்டச் சொன்னான். வாசித்தேன்.

"அம்மா கேம்ப் வாசலுக்கு வந்துச்சாம். நாலு தடவை. சோறு கட்டிக்கிட்டு வந்துச்சாம்," என்றான். "என்னைய அப்பவே வேற ஊருக்கு அனுப்பிட்டாங்க."

ரயில் நிலையத்தில் பிடித்திருக்கிறார்கள். சாதாரண உடுப்பில் ஒருவர் வந்து அடையாள அட்டை கேட்டாராம். இல்லை என்றதும், ஜெயிலா பட்டாளமா என்று கேட்டாராம்.

"வயசு கேட்டாங்க. பதிமூணுன்னேன். அந்த ஆளு சிரிச்சுக்கிட்டே பதினெட்டுன்னு எழுதினாரு. எடை பத்தல. பாக்கெட்டில கல்லைப் போட்டு நிறுத்தாங்க."

"அப்புறம்?"

"மலைக்குப் போனோம். துப்பாக்கி என்னைய விடக் கொஞ்சம்தான் குட்டை. எதிர்ப்பக்கம் சுட்டவங்களும் பசங்கதான் அத்தான். செத்துக் கிடக்கையில பாத்தோம்."

ஜாதகத்தில் பிறந்த தேதியைக் காட்டினேன். விரல் விட்டு எண்ணினான். "முப்பத்துமூணா எனக்கு?" என்று கேட்டு, முதல் தடவையாகச் சிரித்தான். உடனே சிரிப்பு நின்றது. அவனுடைய விடுவிப்புப் பத்திரத்தில் வயது ஐந்து கூடுதல். அந்தப் பத்திரத்தைக் காட்டித்தான் அடையாள அட்டை வாங்கியிருக்கிறான். அதன்படி அவனுக்கு முப்பத்தெட்டு. புதிய சட்டம் அவனைத் தொடாது. உண்மை வயது தெரிந்தால் தொடும்.

"இத நீங்களே கொண்டு போயிடுங்க," என்று நோட்டை என் பக்கம் தள்ளினான். "இங்க இருக்கக் கூடாது."

இருபது வருடம் தாமதமாக வந்த காகிதம். அன்று அவனைக் காப்பாற்றியிருக்கும், இன்று மாட்டிவிடும். நான் அதைப் பைக்குள் வைத்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் கையை உயர்த்தித் தடுத்தான்.

"நான் எப்படி வெளிய வந்தேன்னு கேக்கலியே நீங்க."

பத்து வருடம் முடிந்தும் விடவில்லையாம். உனக்குப் பதிலாக ஆள் கொண்டுவந்தால் விடுகிறோம் என்றார்களாம். தன்னைப் பிடித்த அதே ரயில் நிலையத்தில் இரண்டு நாள் நின்றிருக்கிறான். மூன்றாம் நாள் டாலாவிலிருந்து வேலை தேடி வந்த ஒரு பையன் அவனிடம் வழி கேட்டான். ஸோ லின். பதினைந்து வயது.

"வேலை இருக்கு வான்னு சொன்னேன். வந்துட்டான்."

"இப்ப எங்க இருக்கான்?"

"தெரியாது. யாரும் திரும்பி வந்ததாச் சொல்லல." டீ டம்ளர்களை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, "அவன் அம்மா வெத்தலக் கடை வச்சிருந்துச்சாம், ஜெட்டிப் பக்கம். ஒருநாள்கூட நான் போகல. போய் என்ன சொல்ல?" என்றான்.

மூன்று மணி பஸ்ஸில் லத்தா திரும்பினேன். அறையில் மின்சாரம் இல்லை. பேச ஆளும் இல்லை. வீட்டுக்குப் போன் போட்டாலும் போனில் சொல்லக்கூடிய விஷயமா இது? எதுவும் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

திங்கள் காலை ஏழரைக்கு பாலு விடுதி வாசலில் நின்றான். தலையைப் படிய வாரி, சட்டை போட்டிருந்தான்.

"லீவு சொல்லிட்டேன். நீங்க இவ்வளவு தூரம் வந்தீங்கல்ல. டாலா பக்கந்தானே. கூட வர்றீங்களா?"

டாலா ஆற்றின் அக்கரை. படகுத்துறை லத்தாவிலிருந்து நடக்கிற தூரம். வெளிநாட்டவருக்குப் போக வர 4,000 கியாட், கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். பத்து நிமிடப் பயணம். கடற்காகங்களுக்குத் தீனி போடுவார்கள், குழந்தைகள் கத்தும். பாலு கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையையே பார்த்தபடி நின்றான். வேர்த்துக் கொட்டியது அவனுக்கு.

இறங்கி, ஒவ்வொரு வெற்றிலைக் கடையாக விசாரித்தோம். பதினொரு மணிக்கு ஒரு அம்மாள் இடத்தைக் காட்டினார். அங்கே இப்போது போன் பழுது பார்க்கும் கடை. முன்பிருந்தவர் வீடு மாறிப் பல வருடமாயிற்றாம்; எங்கே என்று தெரியாதாம். மகனைப் பற்றி பாலு கேட்டான். அந்த அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பாக்கு நறுக்கத் தொடங்கினார்.

திரும்பிவந்து துறையில் இறங்கியதும் பாலு என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டு, ஷ்வேப்யிதா பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். மறுநாள் காலை பத்தரைக்கு எனக்கு விமானம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மடிப்போ கறையோ இல்லாத புது டாலர் நோட்டாகக் கொண்டு போங்கள், மற்றதை மாற்ற மாட்டார்கள். வங்கி அட்டைகளை நம்பாதீர்கள். போனில் விபிஎன் இருந்தால் கிளம்புமுன் அழித்துவிடுங்கள். மின்சாரம் எப்போது வரும் என்று விடுதியில் கேட்டு, அதற்கேற்ப சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள். வெளி வட்டாரங்களுக்குப் போனால் பகலிலேயே திரும்பிவிடுங்கள். சீருடைக்காரர்களைப் படமெடுக்காதீர்கள், இளைஞர்களையும் எடுக்காதீர்கள். யாரிடமும் வயது கேட்காதீர்கள். நம் ஊரில் அது பேச்சைத் தொடங்கும் கேள்வி. அங்கே அது வேறு.

இனி, உங்கள் வீட்டில் நீங்கள் படிக்காத பழைய கடிதம் ஏதாவது இருந்தால் இன்றைக்கே பிரித்துப் படியுங்கள். இதற்கு யாங்கூன் போக வேண்டியதில்லை.

இதை எழுதி முடித்து இரண்டு வாரம் கிடப்பில் போட்டிருந்தேன். நேற்று பாலுவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. நான் ஊர் திரும்பியபின் வந்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் அவன் தனியாக டாலா போயிருக்கிறான். இரண்டாவது தடவை கண்டுபிடித்துவிட்டான். அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"அத்தான், அவன் அம்மாவப் பாத்தேன். நான்தான்னு சொல்லிட்டேன். அடிக்கும்னு நெனச்சேன், அடிக்கல. அப்புறம் அன்னிக்கு அவன் ஏதாச்சும் சாப்பிட்டானான்னு கேட்டுச்சு. ரயிலடியில மோகிங்கா வாங்கிக் கொடுத்தேன்னு சொன்னேன். ஒரு கிண்ணமா ரெண்டு கிண்ணமான்னு கேட்டுச்சு. ரெண்டுன்னு சொன்னேன். சரின்னு சொல்லிட்டு உள்ள போயிடுச்சு. வாசல்லயே உக்காந்திருந்தேன். கதவ அது சாத்தல."