நான் தின்று முடித்த மூன்று நிமிடங்கள்

எங்கள் குடியிருப்பின் பின்பக்கத்தில் ஒரு சதுப்பு இருந்தது. அதை 'இருந்தது' என்று எழுதவேண்டி வந்ததற்கு நானும் ஒரு காரணம். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தை நிம்மதியாக எழுதலாம்.

பெரிய சதுப்பு ஒன்றுமில்லை. மழை பெய்தால் குளம், வெயில் அடித்தால் சேறு. ஓரமெல்லாம் கோரைப்புல், வசந்தம் வந்தால் தவளைச் சத்தம். ஆனால் நாங்கள் இருக்கிற டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் பஸ்ஸை நம்பி யாரும் வேலைக்குப் போவதில்லை. வீட்டுக்கு இரண்டு கார் நிற்கும். பிரெடெரிசியா, ஹ்விடோவ்ரே போன்ற வேறு ஊர்களில் இருக்கிற சொந்தக்காரர் பிறந்தநாளுக்கு வந்தால் கார் விட இடம் தேடி முடிய கேக் உருகிவிடும். ஆகவே சதுப்பை மண் போட்டு நிரப்பி, தார் ஊற்றி, வாகனத் தரிப்பிடமாக்குவது என்று குடியிருப்பாளர் கூட்டத்துக்கு ஒரு பிரேரணை வந்தது. எங்கள் தமிழ்க் குடும்பங்கள் கூட்டத்துக்குப் போகமுன்னமே மனதுக்குள் கையைத் தூக்கிவிட்டார்கள்.

எதிர்த்து நின்றவர் ஒரே ஒருவர். இரண்டாம் மாடியில் இருக்கும் உகண்டாக் கவிஞர்.

அவரும் என் மனைவியும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர்கள். வேலை முடிந்து எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்க வருவார். அவருடைய கதையை எங்கள் குசினியில், சமையல் மேசையில்தான் துண்டு துண்டாகக் கேட்டேன். அவருடைய ஊர் பெரிய ஏரியின் கரையில். அங்கேயும் ஒரு சதுப்பு. ஆளை மறைக்கும் உயரத்துக்குக் கோரை. மீன்கள் குஞ்சு பொரிப்பது அதற்குள். அதை வற்றச் செய்து, ஐரோப்பாவுக்கு ரோஜாப்பூ வளர்க்கப் பிளாஸ்ரிக் கூடாரங்கள் கட்டினார்கள். அப்போது அவர் பள்ளிக்கூட ஆசிரியை. அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார், பதில் வரவில்லை. கவிதை எழுதினார், பொலிஸ் வந்தது.

"கடிதத்தைவிடக் கவிதையை அவர்கள் கவனமாக வாசித்தார்கள்" என்று சொல்லிச் சிரித்தார்.

மீன் விற்கும் பெண்கள் கூவிக்கொண்டே பாடக்கூடிய கவிதைகள் அவை. ஒருநாள் மண் தோண்டும் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து, தனக்குப் பாடமாக இருந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறார். சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று சாரதி இயந்திரத்தை நிறுத்திவிட்டானாம். அவனுக்கு வேலை போனது, இவருக்குச் சிறை கிடைத்தது. பிறகு கவிஞர் என்று டென்மார்க்குக்கு அழைக்கப்பட்டு வந்து, இங்கேயே தங்கி, இப்போது வயதானவர்களைக் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுக்கிறார். சிறைக்குப் போனதைப்பற்றி அவருக்குக் கவலையில்லை. அந்தச் சாரதியை நினைத்தால்தான் முகம் வாடும்.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. தமிழ்க் குடும்பங்களைக் கூட்டத்துக்கு அழைத்து வரவேண்டும். அவர்கள் பிரேரணையை எதிர்த்துக் கை தூக்கினால் சதுப்பு தப்பும். அதற்காக அவர் குளிர்காலம் முழுவதும் இருந்து முதல்முதலாக டேனிஷ் மொழியில் ஒரு கவிதை எழுதியிருந்தார். எங்கள் மேசையில் அதை வாசித்துக் காட்டுவார். 'வேலையில்லாத நிலம் என்கிறீர்கள். தண்ணீர் களைத்துப்போய் வந்து உட்காரும் நாற்காலி அது' என்று ஓரிடத்தில் வரும். அந்த இடம் வரும்போது என் மனைவி தட்டுக் கழுவுவதை நிறுத்துவாள்.

"ஒரு பிரேரணையை ஆதரிக்கும் தரப்புக்கு மூன்று நிமிடம், எதிர்க்கும் தரப்புக்கு மூன்று நிமிடம். கவிதைக்கு அது தாராளம்" என்றார் கவிஞர்.

"உங்களை அறிமுகப்படுத்த வேண்டாமா?" என்றேன் நான்.

"எல்லோருக்கும் என்னைத் தெரியும். படிக்கட்டில் தினமும் பார்க்கிறார்கள்."

"அது படிக்கட்டு. இது சபை."

எங்கள் ஆட்களிடம் அறிமுகம் இல்லாமல் ஒருவர் மைக்கைத் தொட்டால் அவரை மைக் திருத்த வந்தவர் என்றுதான் நினைப்பார்கள் என்று விளக்கினேன். அவர் யோசித்துவிட்டு, "ஒரு வசனம்" என்றார். நானும் ஒரு வசனம் என்று வாக்குக் கொடுத்தேன்.

நான் ஊரில் புவியியல் படிப்பித்தவன். டென்மார்க்குக்கு வந்து தொழிற்சாலையில் பெட்டி அடுக்கி ஓய்வு பெற்றவன். இத்தனை வருடமும் என்னிடம் ஒருவரும் ஆற்றையோ மலையையோ பற்றிக் கேட்கவில்லை. இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்குள் என்ன நடந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

கூட்டத்துக்குத் தமிழர் எல்லோரும் வந்தார்கள். பெண்கள் ரோல்ஸும் வடையும் கொண்டுவந்தார்கள். நான் ஒரு பொன்னாடையும் சுப்பர்மார்க்கெட்டில் வாங்கிய ரோஜாப் பூங்கொத்தும் கொண்டுபோனேன். தலைவர் ஒரு டேனிஷ் கிழவர். முட்டை அவிக்கும்போது நேரம் வைக்கிற, கோழி உருவத்தில் செய்த சின்ன மணி ஒன்று அவருக்கு முன்னால் இருந்தது. அதன் கழுத்தைத் திருகி வைத்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

முதலில் பொன்னாடை போர்த்தினேன். தமிழர் கைதட்டினார்கள். டேனிஷ்காரர் திகைத்துப்போய் அவர்களும் தட்டினார்கள். பிறகு பூங்கொத்து. கவிஞர் அதைத் திருப்பிக் கடதாசியில் ஒட்டியிருந்த சீட்டை வாசித்துவிட்டு மெல்ல என்னிடம் சொன்னார்: "உகண்டாப் பூ. எனக்கு முன்னமே இதற்குத்தான் விசா கிடைத்தது."

அதைக் கேட்டதும் எனக்குப் பதற்றமாகிவிட்டது. அந்தப் பதற்றத்தில் வாயைத் திறந்தேன். இவரை அறிய வேண்டுமானால் முதலில் அந்தப் பெரிய ஏரியை அறியவேண்டும் என்று தொடங்கினேன். ஏரி எப்படி உண்டானது, எந்த நாடுகள் அதைச் சுற்றி இருக்கின்றன, நைல் நதி எந்தப் பக்கத்தால் புறப்படுகிறது என்று சொன்னேன். பிறகு, எம்மவருக்காகச் சில வார்த்தைகள் என்று சொல்லி, அவ்வளவையும் தமிழில் திரும்பச் சொன்னேன். ஏரியின் ஆழத்துக்கு வந்தபோது கோழி கிணுகிணு என்று அடித்தது.

என் உரையில் கவிஞர் இன்னும் பிறக்கவேயில்லை.

அவர் பொன்னாடையோடு, ஒரு கையில் பூவும் மற்றக் கையில் கவிதையுமாக எழுந்து நின்றார். தலைவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "மன்னிக்க வேண்டும், உங்கள் தரப்பு நேரம் முடிந்துவிட்டது." கவிஞர் கடதாசியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாக்கெடுப்பு நடந்தது. தமிழர் கைகள் எல்லாம் ஒன்றாகத் தரிப்பிடத்துக்கு உயர்ந்தன.

வெளியே வந்ததும், இரண்டு வான் வண்டி வைத்து ஓடும் ஒருவரைப் பிடித்தேன். எங்கள் ஆட்கள் அவர் சொல்வதைக் கேட்பார்கள்.

"ஏன் தம்பி இப்பிடிச் செய்தனீங்கள்?"

"என்ன மாஸ்டர்? வரச் சொன்னீங்கள், வந்தம். கைதட்டச் சொன்னீங்கள், தட்டினம்."

"சதுப்பைக் காப்பாத்தத்தானே கூப்பிட்டனான்!"

"அதை நீங்கள் சொல்லவேயில்லையே! ஏரியின்ரை ஆழத்தைத்தானே சொன்னனீங்கள். அந்த மனுசிக்கு ஏதோ பாராட்டு விழா, அது முடிஞ்சிது, இனிக் கார்ப் பிரச்சினை எண்டு நினைச்சம். வடிவாய்த்தான் கதைச்சனீங்கள் மாஸ்டர், குறை சொல்லக்கூடாது."

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றமுன் மனைவி தொடங்கினாள்.

"இஞ்சேருங்கோ, அந்தப் பிள்ளை கதைக்க வந்ததோ, நீங்கள் கதைக்க வந்தனீங்களோ?"

"அறிமுகம்..."

"அறிமுகம்! எங்கடை கலியாணத்திலையும் உப்பிடித்தான். உங்கடை சிநேகிதர் வாழ்த்துரை வாசிச்சு முடியச் சோறு ஆறிப்போச்சு. சோத்தைச் சூடாக்கலாம். அந்தத் தவளையளுக்கு என்ன செய்யப் போறியள்?"

அடுத்தநாள் படிக்கட்டில் கவிஞரைக் கண்டேன். "ஏரியைப் பற்றி நன்றாகச் சொன்னீர்கள்" என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

சதுப்பை நிரப்பினார்கள். தார் ஊற்றினார்கள். வெள்ளைக் கோடு போட்டார்கள். வசந்தம் வந்ததும் தவளைகளும் வந்தன. அவற்றுக்கு ஒருவரும் தீர்மானத்தை வாசித்துக் காட்டவில்லை. தாம் பிறந்த தண்ணீரைத் தேடி வந்து, வெள்ளைக் கோடுகளுக்கு நடுவில் வரிசையாக நின்றன. எங்கள் கார்களைவிட ஒழுங்காக. கவிஞர் வாளியோடு இறங்கி, ஒவ்வொன்றாகப் பிடித்துத் தோட்டத்துக்கு அப்பால் இருக்கும் வாய்க்காலில் விட்டார். நானும் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு போனேன். குனிந்தால் எனக்கு நாரி பிடிக்கும், இடுப்பு நிமிராது. தவளைக்கு அது தெரிந்திருந்தது. நான் குனிந்து முடியமுன் அது அடுத்த கோட்டுக்குப் போய்விடும்.

"நான் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்றேன். "அதற்கு முன்பு, அந்த நாளின் சூழ்நிலையைக் கொஞ்சம்..."

அவர் தவளையைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "மூன்று நிமிடத்துக்குள் முடியுமா?"

"என்னை மன்னியுங்கள்" என்றேன்.

"நல்ல உரை" என்று சொல்லிவிட்டு அடுத்த தவளைக்குக் குனிந்தார்.

இலையுதிர் காலத்து மழையில் தண்ணீர் திரும்பி வந்தது. கீழ்ப்பாதித் தரிப்பிடம் முழுவதும் முழங்கால் தண்ணீர். வான்காரர் காற்சட்டையை மடித்துக்கொண்டு தன் வானுக்கு நடந்துபோனதை நாங்கள் எல்லோரும் யன்னலால் பார்த்தோம். கீழ்ப்பாதித் தாரைக் கிளறி எடுத்து, அதைத் தண்ணீருக்கே விட்டுவிடலாம் என்று கவிஞர் அடுத்த கூட்டத்துக்குப் பிரேரணை கொடுத்தார். இம்முறை அவர் தானே வீடு வீடாகப் போய், என்ன கேட்கிறார் என்பதைச் சொன்னார்.

கூட்டம் தொடங்கியது. தலைவர் கோழியின் கழுத்தைத் திருகினார். பழக்க தோசத்தில் தமிழர் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், என் நாக்கு அசைந்தது. மனைவி கைப்பையைத் திறந்து, இல்லத்துக் கிழவர்களுக்கு வைத்திருக்கும் கட்டி டொபி மிட்டாய் ஒன்றை எடுத்து என் வாயில் வைத்தாள்.

"கடிக்காதையுங்கோ. உமிஞ்சு கொண்டிருங்கோ."

கவிஞர் எழுந்து அதே கடதாசியை விரித்தார். அறிமுகம் இல்லை, பொன்னாடை இல்லை. கவிதை, நான் குசினியில் கேட்டதைவிடச் சின்னதாக இருந்தது. வாசித்துவிட்டு மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கோழியில் இன்னும் நேரம் மிச்சம் இருந்தது. அதை ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை. மண்டபத்தில் கோழியின் டிக் டிக் மட்டும் கேட்டது. தண்ணீர் வந்து உட்காரும் நாற்காலியை எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். அல்லது முழங்கால் தண்ணீரில் நின்ற வானை. மணி அடித்ததும் முதலில் கையைத் தூக்கியவர் வான்காரர்தான்.

பாதித் தாரை எடுத்துவிட்டார்கள். மற்றப் பாதி அப்படியே இருக்கிறது. அதில் என் காரும் நிற்கிறது. அந்த வெட்கத்தையும் எழுதிவிடுகிறேன். வாய்க்காலில் விட்ட தவளைகள் இன்னும் திரும்பவில்லை. இந்த வசந்தத்திலும் சத்தம் கேட்கவில்லை. பொறுக்க வேண்டும், சில வருடம் ஆகலாம் என்கிறார் கவிஞர். மாலையில் மனைவியும் அவரும் பல்கனியில் இருந்து தேத்தண்ணி குடிப்பார்கள். நான் கீழே போய்த் தண்ணீர் ஓரத்தில் நின்று காது கொடுப்பேன். அப்படி நிற்க வேண்டுமானால் வாயை மூடிக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

"அங்கை நிண்டு என்ன செய்யிறார்?" என்று கவிஞரிடம் மனைவி தமிழில் கேட்பது மேலிருந்து விழும். கவிஞருக்கு இப்போது கொஞ்சம் தமிழ் விளங்கும்; "கேட்கிறார்" என்று ஒரே சொல்லில் பதிலும் சொல்வார்.