கீரிக்குக் கட்டிய சிவப்பு நாடா

பிரவின்ராஜுக்குப் படம் வரைய வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவனைப் பற்றிப் பேசுகிற யாரும் இதைச் சொல்வதில்லை. அவன் அம்மை எலிசாள் எனக்குச் சித்தி மகள். சிறு வயதில் ஞாயிறு பள்ளியில் அவன் பெத்லகேம் தொழுவத்தை வரைந்தான். அதிலிருந்த மாட்டைப் பார்த்துவிட்டு வாத்தியார், பெஞ்சு நன்றாயிருக்கிறது என்றார். எலிசாள் அந்தத் தாளைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினாள். அன்றைக்கே அவன் கெட்டான்.

அப்பன் நேசையனுக்குச் சாலைக் கடைத் தெருவில் ஆணிக்கடை. மகனை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போட்டு, இன்ஜினியரிங் படிக்கவைத்து, கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வரை தள்ளிவிட்டார். கம்பெனிக்காரர்கள் கழுத்தில் சிவப்பு நாடா கட்டி ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்கள். அவன் அதைக் கழற்றவே மாட்டான். கல்யாண வீட்டுக்கும் அதோடு வருவான், சாவு வீட்டுக்கும் அதோடு வருவான். வந்தால் உட்காருவதும் இல்லை. வாசலில் நின்று போனில் மலையாளம் பேசிவிட்டுப் போய்விடுவான். ஒரு சாவு வீட்டிலாவது விடியும்வரை உட்கார்ந்து நாலு பேச்சைக் கேட்டிருந்தால் அவனுக்கு இந்த அவமானம் வந்திருக்காது.

இரண்டாயிரத்து ஏழில் அவனுக்கும் ஷெமிக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தது. ஷெமி, சாலையில் மொத்த அரிசிக் கடை வைத்திருக்கும் செல்வமணியின் மகள். கழக்கூட்டத்தில் வேறொரு கம்பெனியில் வேலை. இவனாகப் பார்த்த பெண். செல்வமணி லேசில் சம்மதிக்கவில்லை. இவன் வீட்டில் சோறு உண்ணாமல் கிடந்து, வெளியே பரோட்டா தின்று உயிரைக் காப்பாற்றிக்கொண்டு, அப்படிப் போராடி வாங்கிய சம்மதம். பிறகு சும்மா இருக்க வேண்டியதுதானே? இருக்கவில்லை. இன்டர்நெட்டில் வாரம் ஒரு படக்கதை போடப் போவதாகச் சொன்னான். சாலைக் கடைத் தெருவும் கழக்கூட்டம் ஆபீசும் கலந்த கதையாம். உலகமே பார்க்குமாம்.

கதையில் வருகிறவர்களை மனிதர்களாக வரைவதா மிருகங்களாக வரைவதா என்பதுதான் அவனுக்குப் பெரிய யோசனை. இந்திய அரசாங்கம் அணுகுண்டு வெடித்துப் பார்ப்பதற்குக்கூட அவ்வளவு யோசித்திருக்காது. முதலில் மனிதர்களாக வரைந்து ஷெமியிடம் காட்டினான். அவள் நேரே பேசுகிற பெண்.

"இது ஆரு?"

"உங்க அப்பா."

"அப்ப இது?"

"அது எனக்க அம்மா."

"ரெண்டுக்கும் ஒரே மூஞ்சிதானே இருக்கு. சேலையும் வேட்டியும் இல்லேன்னா சத்தியமா தெரியாது. மனுஷங்களையே வரைங்க, பிரவின். ஒருத்தருக்கும் ஆளு தெரியாது, ஒரு சண்டையும் வராது."

அவன் பிழைக்க வழி சொன்னாள். அவனுக்கோ ரோஷம் வந்தது. உடனே மிருகங்களுக்கு மாறினான். வீட்டில் சாயா குடிக்கும்போது அப்பனிடம் நியாயம் வேறு சொன்னான்.

"மனுஷன வரைஞ்சா சொந்தக்காரன் சண்டைக்கு வருவான் அப்பா. மிருகத்துக்கு ஏது சொந்தக்காரன்?"

"என்ன மிருகமாக்கும் வரையுதே?"

"செல்வமணி மாமாவ யானையாட்டு வரையுதேன். நெற்றிப்பட்டம் எல்லாம் வச்சு."

"சபைக் கமிட்டியில இருக்கிய மனுஷனுக்கு நெற்றிப்பட்டமா? ம்... யானைன்னா கௌரவம்தான்," என்று நேசையன் எழுந்து கடைக்குப் போனார். வேறு என்னென்ன மிருகம் என்று அவரும் கேட்கவில்லை. அப்பனும் மகனும் அறிவில் ஒரே அச்சு.

மிருகத்துக்குச் சொந்தக்காரன் இல்லையாம்! எங்கள் வகையில் மிருகத்துக்குத்தான் சொந்தக்காரர்கள் அதிகம். பாறசாலை பக்கமிருந்து வந்த எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் ஒரு வட்டப்பெயர் இருக்கும். ஆமை வீடு, மரநாய் வீடு, கொக்கு வீடு. எங்களுக்கே நாரை என்றுதான் பெயர். என் அப்பாவின் காலைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். செல்வமணியின் குடும்பம் கீரி வீடு. அவருடைய தாத்தா கொப்பரை வண்டியோடு சாலைக்கு வந்து சரக்கு அடுக்க ஒரு கிட்டங்கி பிடித்தவர். கிட்டங்கியில் எலியும் பாம்பும் பெருத்தபோது ஒரு கீரியைப் பழக்கி, கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டி வளர்த்தார். கீரி செத்துப்போயிற்று, பெயர் சாகவில்லை. செல்வமணி கடைக்கு வேதத்திலிருந்து பெயர் எடுத்துப் பெரிய போர்டு மாட்டிப் பார்த்தார். ஜனங்கள் போர்டை வாசித்துவிட்டு, கீரி கடை இதுதான் என்றார்கள். ஆனால் முகத்துக்கு நேரே ஒருவரும் சொன்னதில்லை. அது எங்களுக்குள் ஒரு மரியாதை. முதுகுக்குப் பின்னால் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

பிரவின்ராஜ் வரைந்த கதையில் யானை நல்லவன். வில்லன், ஆபீசில் இவனைப் போட்டு வறுக்கிற மேனேஜர் நாகேஸ்வரன். ஒல்லி முகம், ஓரிடத்தில் நிற்காத கண். அவரை என்ன மிருகமாக்கினான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, ஆபீஸ்காரர் என்பதற்கு அடையாளமாக அதன் கழுத்தில் ஒரு சிவப்பு நாடாவையும் மாட்டினான்.

கிழக்கேகோட்டையில் இன்டர்நெட் கடை வைத்திருந்த சஜி அதைப் பார்த்தான். அவனும் எங்கள் வகைதான், மரநாய் வீடு. கலரிலேயே அச்செடுத்துச் சாலைக்குள் விட்டான். சாயங்காலத்துக்குள் கடைக்குக் கடை போயிற்று. மறுநாள் கல்யாண விஷயமாகச் செல்வமணி ஆளனுப்பினார். 'எனக்க மகளுக்கு இப்பம் கெட்டு வேண்டாம்.' அவ்வளவுதான் செய்தி.

நடந்ததை எலிசாள் தலையிலடித்துக்கொண்டு மகனுக்கு விளக்கினாள். அவன் வாயைப் பிளந்தான். "இதெல்லாம் ஆரும் எனக்குச் சொல்லல்லியே?" என்றான். எப்படிச் சொல்வது, போனில் மிஸ்டு கால் கொடுத்தா?

நேசையன் அவனை அழைத்துக்கொண்டு அரிசிக் கடைக்குப் புறப்பட்டார். வழி நெடுக ஒரே பாடம்.

"தலையக் குனிஞ்சு நில்லு. நான் பேசிக்கிடுதேன். வாயத் தொறந்தாலும் அந்த ஜீவனுக்க பேர மட்டும் சொல்லிராதே. கேட்டியா?"

"சரி அப்பா."

கடையில் லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. செல்வமணி நாற்காலியைக் காட்டவில்லை. நேசையன், பையனுக்கு விவரம் போதாது, பெரியவங்க பொறுக்கணும் என்று ஆரம்பித்தார். செல்வமணியின் முகம் கொஞ்சம் இளகியதாம். அப்போது நம் ஆள் தலையை நிமிர்த்தினான்.

"மாமா, சத்தியமா நான் உங்களக் கீரின்னு சொல்லல்ல."

சுமட்டுக்காரர்கள் தலையில் மூட்டையோடு அப்படியே நின்றார்கள். முன்னால் நின்ற மைதீனுக்கு மூட்டை ஆடியது, சிரிப்பை அடக்கிய ஆட்டம். நேசையன் கண்ணை மூடிக்கொண்டார். செல்வமணி மெதுவாகக் கேட்டார்.

"பின்னே ஆருடே அது?"

மேனேஜர் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்று பயம். யானை நீங்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் மூளை அந்தப் பக்கமே போகவில்லை. தன் கழுத்தில் கிடந்த சிவப்பு நாடாவை இழுத்துப் பிடித்துக் காட்டினான்.

"நானாக்கும் மாமா. கீரி நானாக்கும். டேக்கப் பாருங்க."

மைதீன் மூட்டையை இறக்கி வைத்தார். இறக்கி வைத்துவிட்டுத்தான் சிரித்தார். "அது செரி, கீரி சாரே," என்றார். அடுத்த ஆள் லாரியில் நின்றவனிடம் சொன்னான், அவன் எதிர்க்கடைக்குச் சொன்னான். ஆணிக்கடைக்குத் திரும்பி நடப்பதற்குள் நாலு இடத்தில் அந்தப் பெயர் இவன் காதில் விழுந்துவிட்டது. செல்வமணி வாசலுக்கு வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று மாலையே மறுபடி ஆள் வந்தது. கல்யாணத்தைத் தள்ள வேண்டாம், முடிந்தால் முன்னாலேயே வைத்துவிடலாம் என்று.

கல்யாணம் நடந்தது. ஷெமி தலையெழுத்து. படக்கதையில் இப்போது மனிதர்கள்தான் வருகிறார்கள், எல்லோருக்கும் ஒரே மூஞ்சி. யாரும் சண்டைக்கு வருவதில்லை, யாரும் பார்ப்பதும் இல்லை. அட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் அவன் சாலைக்குள் வருகிறான். ஒரு பிரயோஜனமும் இல்லை.

பிள்ளை பிறந்த அன்று மைதீன் அரிசிக் கடை வாசலில் நின்று, "கீரிக்குப் பிள்ள பிறந்தாச்சாமே, ஆணா பெண்ணா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார். முன்பென்றால் கடைக்குள் இருந்தவர்கள் பயத்தில் மூச்சை அடக்கியிருப்பார்கள். செல்வமணி ஒரு கை கற்கண்டை அள்ளி அவர் கையில் கொட்டினார்.

"பெண்ணாக்கும்," என்றார். "கீரி ஆஸ்பத்திரியிலதான் நிக்கான். போய்ப் பாத்துட்டு வாரும்."