இர்மாவின் ஏழு இலக்கம்

அனிபால் தெச்சேரா பாய்சாந்தூ ஊரில் ஒரு கம்பளிக் கிடங்கில் நாற்பது வருடம் எடை போட்டவர். எடையிலும் பேச்சிலும் இம்மி பிசகாத மனுஷன். அந்தக் குணம்தான் கடைசியில் அவர் தலையில் மண்ணைப் போட்டது.

மனைவி இர்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிள்ளைகுட்டி கிடையாது. டாக்டர் கைவிரித்த அன்று தன் அடையாள அட்டையை அவரிடம் நீட்டினாள்.

"கெழவா, இந்த நம்பரு எதாலயாச்சும் வகுபடுதான்னு பாத்துச் சொல்லு. தனியாப் போகப் பயமா இருக்கு. என் நம்பருக்காவது ஒரு தொணை இருக்கான்னு பாப்போம்."

"பைத்தியமாடி உனக்கு?"

"முப்பது வருசம் வகுத்தல் சொல்லிக் குடுத்த டீச்சருக்கு வேற என்ன பைத்தியம் பிடிக்கும்? போடு கணக்கை."

அனிபால் நோட்டில் எழுதிக்கொண்டார்: 1299709. கட்டிலோரம் மாத்தே என்ற இலைத் தேநீர்க் குவளையை வைத்துக்கொண்டு, இரண்டு, மூன்று, ஐந்து என்று பகா எண் ஒவ்வொன்றாலும் வகுத்தார். ஒவ்வொரு கணக்குக்குப் பக்கத்திலும் பெரிய பெருக்கல் குறி போட்டு, அதில் இலக்கங்களைக் கூட்டி ஒன்பது ஒன்பதாகத் தள்ளிய மிச்சத்தை எழுதி, வகுத்தது சரிதானா என்று பார்த்தார். எங்கள் பள்ளிக்கூடங்களில் அடித்துச் சொல்லிக்கொடுத்த சோதனை அது. யாரும் அதைச் சந்தேகப்பட்டதில்லை.

ஆறு நாளில் நூற்றெண்பத்தொன்பது வகுத்தல். எல்லாவற்றிலும் மீதி வந்தது. கடைசியாக, நோட்டில் இருந்த எண்ணை அட்டையோடு ஒத்துப் பார்த்தார். அதற்கும் அதே சோதனைதான். இலக்கங்களைக் கூட்டி ஒன்பதுகளைத் தள்ளினால் இரண்டிலும் மிச்சம் ஒன்று. சரியாக இருந்தது.

"என்ன கெழவா, கெடச்சுதா?"

"பகா எண்ணு, கெழவி. எதாலயும் வகுபடல."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே இல்ல."

ஐயோ, ஒரு பொய்யைச் சொல்லித் தொலைத்தால் என்ன குறைந்துபோயிருக்கும் இந்த மனுஷனுக்கு! இர்மா "சரி, விடு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் மத்தியானம் போய்விட்டாள்.

இறப்பைப் பதிவு செய்யப் போன இடத்தில், எழுத்தர் பெண் அட்டையைப் பார்த்து உரக்கப் படித்தாள். "ஒண்ணு, ரெண்டு, ஒம்போது, ஏழு, ஒம்போது..."

"ஒம்போது, ஒம்போது, ஏழும்மா."

"இல்லீங்க ஐயா, நீங்களே பாருங்க."

அட்டையில் இருந்தது 1297909. நோட்டில் எழுதியபோதே இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாதே, ஒன்பதுச் சோதனைக்கு எங்கே தெரியப்போகிறது!

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து மறுபடி வகுத்தார். பத்தொன்பதுக்கு வந்தபோது மீதியே இல்லை. பத்தொன்பது பெருக்கல் 68311. வெறும் எட்டாவது கணக்கு. முதல் நாள் சாயங்காலமே, அவள் சிரித்துக்கொண்டு மாத்தே உறிஞ்சும்போதே சொல்லியிருக்கலாம்.

எழுத்தர் அடுத்த கேள்விக்கு வந்தாள். "கடைசி நேரத்துல அவங்க கூட யாராச்சும் இருந்தாங்களா, ஐயா?"

அனிபால் பென்சிலைக் கீழே வைத்தார்.

"நான்தாம்மா பக்கத்துல இருந்தேன். தொணைக்கு ஒண்ணுமே இல்லன்னு சொல்லி அனுப்புனவனும் நான்தான்."