நாளைக்கு வந்துரும்

கோவில்பட்டி மார்க்கெட் ரோட்டில் மஸ்தான் பாயின் விதை, உரக் கடைக்கு அடுத்தது என் சைக்கிள் கடை. அவர் வாயிலிருந்து "இல்லை" என்ற சொல் வந்ததே கிடையாது என்று நான் அடித்துச் சொல்வேன். வியாபாரத்துக்கு ஆகாத சொல்லாம். சரக்கு தீர்ந்திருந்தால், "நாளைக்கு வந்துரும்" என்று இழுப்பார். கேட்டவர் தலையாட்டிவிட்டு வேறு கடைக்கு நடப்பார். ஊர் அறிந்த வழக்கம்.

அவர் மகள் முஹ்சினாவுக்குத்தான் பொறுமை கிடையாது. புரட்டாசி பிறந்தால் வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரிக் கேள்விகள் குவியும்: உளுந்து விதை இருக்கா, ஏக்கருக்கு எவ்வளவு போடணும், எந்த பஸ்ஸில் ஏத்துவீங்க. சலித்துப்போய், ஏஐ ஏஜென்ட் ஒன்றைக் கடை நம்பரில் உட்கார வைத்தாள். ஒரு வேலையைச் செய்யும் முறையை ஒரு தடவை எழுதிக் கொடுத்துவிட்டால், கேள்வி வரும்போதெல்லாம் அதைப் பார்த்து அதுவே செய்துகொள்ளும். அதற்கு 'ஸ்கில்' என்று பெயர். விதை அளவுக்கு ஒன்று, பஸ் பார்சலுக்கு ஒன்று என்று எழுதித் தள்ளினாள். கெட்டிக்காரிதான். ஆனால் சரக்கு இல்லாவிட்டால் என்ன சொல்வது என்பதை அத்தாவிடம் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டாள்.

பசுவந்தனை விவசாயி காளிராஜ் வாட்ஸ்அப்பில் உளுந்து விதை கேட்டார். "நாளை வந்துவிடும்" என்றது ஏஜென்ட். மறுநாளும் கேட்டார், அதே பதில். பாய் வாயால் சொல்லியிருந்தால் இழுப்பிலேயே புரிந்திருக்கும். எழுத்தில் ஏது இழுப்பு? மனிதர் நம்பிக் காத்திருந்தார். கடைசியில் நேரிலேயே வந்துவிட்டார்.

"மிஷினுமா பாய் பொய் சொல்லும்? உழுதுபோட்ட நிலம் அங்கன சும்மா கிடக்கு. மழைக்கு முந்தி விதைக்கலன்னா இந்த வருசம் போச்சு!"

முஹ்சினாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "எங்க தப்புதான் மாமா" என்றவள் திரும்பி, "அத்தா, வாஹித் கடையில இருக்கு. போய் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

எதிரில் இருக்கும் போட்டிக் கடை! அதன் படியை பாய் மிதித்ததே இல்லை. அன்று ஏறினார். மூட்டையோடு காளிராஜ் பஸ் ஏறினார். அவர் விதைத்து முடித்த மறுநாள் கொட்டியது மழை. எனக்கே மனசு குளிர்ந்தது.

முஹ்சினா ஸ்கில்லைத் திருத்தினாள்: இல்லையென்றால் இல்லை என்று சொல், கிடைக்கிற கடையையும் சொல்.

"அதுக்குக் கடையையே மூடிரலாம்ட்டி" என்று பாய் பொருமினார்.

ஐப்பசியில் காளிராஜ் கொத்தமல்லி விதைக்கு வந்தார். "நாளைக்கு வந்துரும்" என்றார் பாய், பழக்கதோசத்தில். காளிராஜ் அங்கேயே நின்று போனை எடுத்துக் கடை நம்பருக்குக் கேட்டார். 'இல்லை. வாஹித் கடையில் இருக்கிறது.' சிரித்துக்கொண்டே போய் விதையை வாங்கியவர், உரத்துக்கு இங்கேயே திரும்பி வந்தார்.

"மத்ததெல்லாம் இனி இங்கனதான் பாய். உள்ளதச் சொல்லுத கடைல்லா இது."

சாயங்காலம் யாரோ ஒருவர் வெங்காய விதை கேட்டார். பாய் வழக்கம்போல் இழுக்காமல், "இல்ல" என்றார்.

"சரி பாய், நாளைக்கு வாரேன்" என்று, பாய் சொல்லாத நாளையை அவரே சொல்லிவிட்டுப் போனார்.